ஃபிரிட்ஜுக்குச் சொன்னது

அந்த வீட்டில் அதிகமாகத் திட்டு வாங்கியது ஃபிரிட்ஜ்தான். பாவம், பால் கெடாமல் பார்த்துக்கொள்ள வந்த பெட்டி அது. அதன் எதிரே நின்றுகொண்டு ஒருத்தி, "சில பேருக்கு டீ குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்கக்கூட கை வலிக்குது" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி பால் எடுக்கிற சாக்கில் கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற முட்டைக்கோஸைப் பார்த்து, "கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவுறவங்களுக்கு வேற வேலையே இல்ல போல" என்பாள். கதவு படாரென்று சாத்தப்படும்.

முதலாமவள் நாத்தனார், வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். இரண்டாமவள் அண்ணி. கல்யாணமாகி அண்ணி அந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. வந்த நாளை விட்டால், இத்தனை காலத்தில் இருவரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துப் பேசியதே கிடையாது. எல்லாம் ஜாடைதான். நேராகத் திட்டினால் அது சண்டை. நாலு பேர் வந்து நியாயம் கேட்பார்கள். ஃபிரிட்ஜைத் திட்டினால் யார் என்ன கேட்க முடியும்? 'நான் உன்னையா சொன்னேன்?' என்று ஒரே வார்த்தையில் கழன்றுகொள்ளலாம். கோழைத்தனம்தான். ஆனால் இதைப் போல வலிக்கிற அடி வேறு கிடையாது, வாங்கினவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் கூத்து என்னவென்றால், அண்ணிக்குப் பிழைப்பே அடுத்தவர்களுக்குப் பேசச் சொல்லித்தருவதுதான். செருப்புக் கடைக்கு மேலே, மாடியில், வேலைக்குப் போகிற பிள்ளைகளைத் தயார்செய்கிற ஒரு பயிற்சி நிலையம். அதில் குழு விவாத வகுப்பு அவளுடையது. நாற்காலிகளை லாடம் மாதிரி வளைத்துப் போட்டு எட்டுப் பேரை உட்கார வைப்பாள். தலைப்பைச் சொல்லிவிட்டு, தாழ்ப்பாள் உடைந்த ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். யாராவது வாயைத் திறந்து, "முதல்ல இங்க இருக்கிற எல்லாருக்கும் என்னோட வணக்கத்தை..." என்று இழுத்தால், "வெட்டு. வணக்கத்துக்கு மார்க் கிடையாது. விஷயத்துக்கு வா" என்பாள். பேனாவால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'கத்தரி' என்று அவர்கள் வைத்த பெயர் அவள் காதுக்கும் வந்தது. வரட்டுமே, அவளுக்கென்ன? பிள்ளைகளுக்குப் பிடித்த டீச்சராக இருக்க அவள் அங்கே போகவில்லை.

அவள் பிறந்தது ஐந்து பெண்களில் ஐந்தாவதாக. மூத்தவர்கள் நாலு பேரும் வாயாடிகள். சாப்பிட உட்கார்ந்தால் இவள் வாயைத் திறப்பதற்குள் பேச்சும் முடிந்திருக்கும், குழம்பும் தீர்ந்திருக்கும். அடுத்தவர் மூச்சு வாங்குகிற நொடியைப் பார்த்து உள்ளே புகுவது எப்படி என்று அந்தச் சாப்பாட்டு இடத்தில்தான் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு டெலிபோன் கம்பெனியில், புகார் கேட்கிற பிரிவில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் வசவையெல்லாம் வாங்கினாள். அங்கே கற்றதுதான் அவளுடைய முக்கியமான பாடம்: கத்துகிறவன் சொன்னதை அவனே ஒத்துக்கொள்கிற மாதிரி திருப்பிச் சொல்லிவிட்டால், அவன் பாதி அடங்கிவிடுவான். மீதிப் பாதிக்கு நாம் பதில் சொல்லிக்கொள்ளலாம். இதை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்து வேலைக்கு அனுப்பிவிட்டாள். தன் வீட்டு ஃபிரிட்ஜ் முன்னால் மட்டும் இந்தப் பாடம் அவளுக்கு மறந்துபோகும். ஊருக்குத்தானே உபதேசம்.

சின்னவள் அந்த வருஷம்தான் படிப்பை முடித்திருந்தாள். ஒரு பகல் ரயில் பயணத் தூரத்தில் இருக்கிற துறைமுக ஊரில், சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலைக்கு எழுதிப் போட்டாள். எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். அடுத்தது குழு விவாதம். வேலை கிடைத்தால் அங்கேயே ஹாஸ்டல், சொந்தச் சம்பளம். கிடைக்காவிட்டால் இந்த ஹாலும் மடக்குக் கட்டிலும்தான், காலம் பூராவும்.

போனாள். மூக்கறுபட்டுத் திரும்பி வந்தாள்.

நடந்தது இதுதான். விவாதத்தில் ஒரு நெட்டையன் அவளைப் பேச விடாமல் குறுக்கே குறுக்கே விழுந்திருக்கிறான். வேறு யாராக இருந்தாலும், 'கொஞ்சம் பொறுங்க, நான் முடிச்சிடுறேன்' என்றிருப்பார்கள். இவள் எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, "சில பேருக்குக் கத்திப் பேசினா அறிவாளின்னு நினைப்பு. காலி டப்பாதான் அதிகமா சத்தம் போடும்" என்றிருக்கிறாள். "என்னையா சொல்றீங்க?" என்று அவன் கேட்க, இவள் பழக்கதோஷத்தில், "நான் யாரையும் சொல்லலையே" என்றிருக்கிறாள். தேர்வு நடத்திய அதிகாரியம்மா முடிவில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "விஷயம் உனக்கு நல்லாத் தெரியுதும்மா. ஆனா கடைசி வரைக்கும் நீ ஒரு மனுஷங்ககிட்டயும் பேசல, பாட்டில்கிட்டதான் பேசின. இன்னொரு தடவை கூப்பிடுவோம். அதுதான் கடைசி."

ஹாலில் அம்மா மடியில் விழுந்து சின்னவள் இதைச் சொல்லி அழுதாள். அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் பாதி வெளியே வந்துவிட்டது. உடனே மாமியார் எழுந்து, அடுக்களை வாசலை ஒட்டி ஹாலில் இருந்த ஃபிரிட்ஜைத் திறந்து, "அடுத்தவங்க வயிறெரியிறதுல குளிர் காயிற ஜென்மங்களும் இருக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு, எதையும் எடுக்காமல் மூடினாள்.

அண்ணியின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலும் மேலே கீழே, வீட்டிலும் மேலே கீழே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் அவர்தான். மறுநாள் காலையில் நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டியபடியே மெல்ல ஆரம்பித்தார்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித் தர்ற. இவளுக்கும் கொஞ்சம்..."

"ஊர்ப் பிள்ளைங்க என் மூஞ்சியப் பார்த்துப் பேசுதுங்க."

"சின்னப் பொண்ணும்மா."

"வாய் சின்னதா இல்லையே!"

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, "அந்த வேலை கிடைச்சா அங்கேயே ஹாஸ்டல்ல தங்கிடுவா. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா பெருசு" என்றார்.

தோசை திருப்பிக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. ஹால் காலியாகிவிடும். காலையில் அடுக்களைக்குள் நுழைகிறபோது முதுகில் முள் குத்தாது. பீடை ஒழியும்! அதுவும் தன் கையாலேயே ஒழித்ததாக இருக்கும். "சரி, ஞாயித்துக்கிழமை உக்காரச் சொல்லுங்க" என்றாள். பாசமும் இல்லை, பரிதாபமும் இல்லை. அவள் அந்தப் பெண்ணுக்கு உதவ வந்தது அவளை அனுப்பிவைக்கத்தான்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர். தலைப்பு: ஊருக்குள் கார்களைத் தடைசெய்யலாமா? வீட்டுக்காரர் உற்சாகமாக, "அப்போ ஸ்பேர் பார்ட்ஸை நான் தலையிலயா தூக்கிட்டுப் போறது?" என்றார். மாமியார், "என் பேச்சை இந்த வீட்ல யாரு கேக்குறா?" என்று அதோடு முடித்துக்கொண்டாள். சின்னவள் உப்பு டப்பாவிடம் தன் கருத்தைச் சொன்னாள். அண்ணி உப்பு டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். தண்ணீர் ஜாடியிடம் பேச்சு தொடர்ந்தது. ஜாடியும் போயிற்று. சின்னவள் தலையைத் திருப்பி ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அண்ணி எழுந்துபோய் அவள் நாற்காலியை அப்படியே திருப்பி, ஃபிரிட்ஜ் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி போட்டாள்.

"விதி ஒண்ணுதான்" என்றாள். "யாருக்குப் பதில் சொல்றியோ அவங்களைக் கூப்பிடணும். கண்ணைப் பார்க்கணும். அவங்க சொன்னதை அவங்களே ஒத்துக்கிற மாதிரி திருப்பிச் சொல்லணும். அதுக்கப்புறம் வெட்டிக்கோ, குத்திக்கோ, உன் இஷ்டம்."

வந்த நாளுக்குப் பிறகு, நாலு வருஷத்தில் அவளிடம் அண்ணி நேராகச் சொன்ன முதல் வாக்கியங்கள் இவை. சின்னவள் தன் நகத்தைப் பார்த்தபடி, "சரிங்க மேடம்" என்றாள்.

மேடமாம்! அண்ணி என்று கூப்பிட்டால் நாக்கு அழுகிவிடுமோ? அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலைப்பை மாற்றி மறுபடி ஆரம்பித்தாள்.

இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. அதை வகுப்பு என்று சொல்ல முடியாது, கோழிச் சண்டை என்று வேண்டுமானால் சொல்லலாம். "நீ சொல்றது வாதமே இல்ல, புலம்பல்" என்பாள் இவள். "மேடம், நான் சொன்னதைப் புலம்பல்னு சொல்றீங்க. ஆனா எங்க தப்புன்னு நீங்க இன்னும் காட்டல" என்பாள் அவள், இப்போது கண்ணைப் பார்த்தே. மாமியார் தலைவலி என்று கழன்றுகொண்டாள். வீட்டுக்காரர் எந்த லிஃப்டாவது பழுதாகாதா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேறு. செருப்புக் கடை மாடியில் இத்தனை காலம் எத்தனையோ பேரை உட்கார வைத்துப் பார்த்தவள் அவள். இந்தச் சனியன் அளவுக்கு மூளை உள்ள ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. எதிராளி பேச்சில் எங்கே ஓட்டை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. தெரியாமல் என்ன, இந்த வீட்டிலேயே அவளுக்கு நாள் தவறாத பயிற்சி ஆயிற்றே. அதை நினைத்தால் இன்னும் கோபம் வந்தது.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்காரரை உண்மையாகவே ஒரு லிஃப்ட் கூப்பிட்டுக்கொண்டது. மாமியார் கோயிலுக்கோ கடைக்கோ போயிருந்தாள். மேசையில் இவர்கள் இருவர்தான்.

"தலைப்பு சொல்லுங்க மேடம்."

அந்த 'மேடம்' அன்றைக்கு அண்ணிக்குத் தலைக்கேறிவிட்டது. "சொல்றேன். இந்த வீட்ல யாருக்கு இடம்? ம், பேசு."

சின்னவள் தயங்கவே இல்லை. "நீங்க என் ரூமை எடுத்துக்கிட்டீங்க" என்றாள்.

அண்ணி பதிலுக்கு வாயைத் திறந்தாள். உடனே சின்னவள் விரலால் மேசையில் ஒரு தட்டு தட்டினாள், அண்ணி வகுப்பில் ஜன்னல் கம்பியிலும் வீட்டில் மேசையிலும் தட்டுகிற அதே தட்டு. "முதல்ல நான் சொன்னதை நான் ஒத்துக்கிற மாதிரி சொல்லுங்க. உங்க விதிதானே?"

"நான் இந்த வீட்டுக்கு வந்ததே உனக்குப் பிடிக்கல."

"நான் அதைச் சொல்லல."

"உனக்குத் தனி ரூம் வேணும். அது கிடைக்கலேன்னு ஆத்திரம்."

"அதுவும் இல்ல. உங்க கிளாஸ்ல ஒரு பையன் இப்படித் திருப்பிச் சொன்னா மார்க் போடுவீங்களா மேடம்?"

அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. போடமாட்டாள். நிச்சயமாகப் போடமாட்டாள். "சரி, என்ன நடந்துச்சு? முழுசாச் சொல்லு" என்றாள்.

"பரீட்சை எழுதிட்டு வந்தேன். என் கட்டில் ஹால்ல ஃபிரிட்ஜ் பக்கத்துல கிடந்துச்சு. என் புஸ்தகமெல்லாம் சாக்குல. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல யாரும். அம்மா ஃபிரிட்ஜைப் பார்த்து, 'கல்யாண வீடுன்னா சில பேரு அனுசரிச்சுத்தான் போகணும்'னு சொன்னாங்க, அவ்வளவுதான். ரூமுக்கு வந்தேன். நீங்க என் அலமாரியில உங்க துணியை அடுக்கிட்டு இருந்தீங்க. திரும்பிப் பார்த்துச் சிரிச்சு, 'வா, உக்காரு'ன்னீங்க." அறைக் கதவைக் கைகாட்டினாள். "என் ரூம்ல என்னையே விருந்தாளி மாதிரி உக்காரச் சொன்னீங்க."

அண்ணிக்கு அந்த நாள் நினைவிருந்தது. புதுப் பெண், பயம், சிரித்துவைத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று சிரித்த சிரிப்பு. அந்த அறை யாருடையது என்று அவள் கேட்கவில்லை என்பதும் நினைவிருந்தது. மெதுவாகச் சொன்னாள்:

"உன்னை ஒரு வார்த்தை கேக்காம உன் ரூமை எனக்குக் குடுத்துட்டாங்க. இது யாரு ரூம்னு நானும் கேக்கல. உன் இடத்துல நின்னுக்கிட்டு உனக்கே நான் இடம் குடுத்தேன்."

"ஆமா. அதான்."

ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அண்ணியின் அடிவயிற்றில் கிடந்தது அதைவிடப் பெரிது.

"இப்ப என் முறை" என்றாள். "எனக்குக் கரு கலைஞ்சு ஆஸ்பத்திரியில இருந்து வந்தேனே, அன்னிக்கு இந்த ஃபிரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு என்ன சொன்ன? 'சில பேருக்கு எதையும் வெச்சுக் காப்பாத்தத் தெரியாது.' சொன்னியா, இல்லையா? திருப்பிச் சொல்லு. நான் ஒத்துக்கிற மாதிரி சொல்லு."

சின்னவள் பார்வையை மேசைக்கு இறக்கினாள். "நான் பொதுவா..."

"வெட்டு!"

"அன்னிக்குப் பால் கெட்டுப்போயிருந்துச்சு, அதான்..."

"வெட்டு! என் கண்ணைப் பாரு!"

அவள் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மொட்டை மாடிக்கு ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு வகுப்பும் இல்லை, பேச்சும் இல்லை. ஃபிரிட்ஜிடம்கூட இருவரும் பேசவில்லை. அந்த அமைதி பழைய ஜாடையைவிட மோசமாக இருந்தது.

இரண்டாவது தடவைத் தேர்வுக்குச் சின்னவள் அண்ணனோடு போனாள். முடிவு தெரிந்த அன்று அண்ணி வகுப்பில் இருந்தாள். 'கிடைச்சிடுச்சு' என்று வீட்டுக்காரர் போனில் செய்தி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்ததும், தங்கை சொன்னதை அவரே நடித்தும் காட்டினார்: ஒரு தடியன் குறுக்கே விழுந்தானாம், இவள் அவன் பெயரைக் கேட்டு, அவன் கண்ணைப் பார்த்து, அவன் சொன்னதை அவனைவிடத் தெளிவாகச் சொன்னாளாம், அவன் 'ஆமா ஆமா' என்று தலையாட்டி முடிப்பதற்குள் அந்த வாதத்தின் காலை ஒடித்துவிட்டாளாம். அண்ணி, "ம்" என்றாள். ஒழிந்தது பீடை என்று துள்ளியிருக்க வேண்டும். துள்ளத்தான் பார்த்தாள். மனசு ஏனோ கூட வரவில்லை. ஊரான் ஒருவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரிந்தவளுக்கு என்னிடம் மட்டும் வாய் அடைத்துப்போயிற்றா என்றுதான் எரிந்தது.

கிளம்புகிற காலை. வாசலில் வீட்டுக்காரர் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாமியார் அழுதுகொண்டே கட்டளைகள் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி வெளியே வரவில்லை. அடுக்களையில் துடைத்த மேடையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. திரும்பினாள். சின்னவள் தோளில் பையோடு ஃபிரிட்ஜுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கண் நேராக இவள் கண்ணைப் பார்த்தது.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு, சில பேருக்கு எதையும் வெச்சுக் காப்பாத்தத் தெரியாதுன்னு சொன்னேன். பாலைச் சொல்லல. உங்க குழந்தையைத்தான் சொன்னேன். உங்களுக்கு வலிக்கணும்னுதான் சொன்னேன்." பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "சரியாச் சொன்னேனா?"

அண்ணி துணியை மேடையில் வைத்தாள். "ஒண்ணை விட்டுட்ட" என்றாள். "சூடாப் பால் குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அதுக்குத்தான் டம்ளரோட வந்து உன் பின்னாடி நின்னேன்."

"நீங்க வெறும் டம்ளரோட திரும்பிப் போனீங்க. நான் பார்த்தேன். கூப்பிடல."

"ஆமா. அதான்."

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது.

"திருப்பிச் சொல்லியாச்சு" என்றாள் அண்ணி. "விதிப்படி இனிமேதான் உன் பதில். சொல்லு."

"பதில் இல்ல அண்ணி."

"நான் மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்கிட்டுப் போகாத."

"நினைக்கல. நானும் ரூமை மறக்கல."

"மறக்காத. போ, ரயில் போயிடப் போகுது."

அவள் போனாள். ஆட்டோ தெருமுனை திரும்புகிற வரை சத்தம் கேட்டது. அண்ணி ஹாலுக்கு வந்தாள். மடக்குக் கட்டில் மடித்துச் சுவரோரம் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. கட்டில் கால்கள் நாலு வருஷமாக அழுத்திய நாலு பள்ளங்கள் தரைவிரிப்பில் அப்படியே இருந்தன. குனிந்து ஒரு பள்ளத்தைக் கையால் நீவிவிட்டாள். எதற்கு என்று அவளுக்கே புரியவில்லை.

மாமியார் கண்ணைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். மருமகளைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தாள்.

"வீடே வெறிச்சோடிப் போச்சு. சில பேருக்கு இப்பத்தான் வயிறு குளிர்ந்திருக்கும்."

அண்ணி சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தாள். ஃபிரிட்ஜுக்கு முதுகு இருக்கிற மாதிரி திருப்பிப் போட்டாள். எதிரே இன்னொன்றைப் போட்டுத் தான் உட்கார்ந்தாள்.

"அத்தை, இப்படி வந்து உக்காருங்க. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

மாமியார் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நான் யாரையும் சொல்லலையேம்மா."

"வெட்டு" என்றாள் கத்தரி.